பென்ஷனில் பங்கு கேட்கும் ஏஜென்ட்: முன்னாள் படைவீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீங்க அலையவே வேண்டாம். பென்ஷன் ஏறினதும் மாசாமாசம் ஒரு பங்கு கொடுத்தா போதும்." பண்ருட்டியோ நெல்லிக்குப்பமோ, ராணுவ பென்ஷன் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் இப்படிப் பேச ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள்.

இதற்குச் சரி என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. இனி வரப்போகும் பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால், 1871-ஆம் ஆண்டு பென்ஷன் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி அது செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்னும் உயிரோடு இருக்கிறது. வழக்கறிஞரும் ஜெயித்த பணத்தில் பங்கு பேசக் கூடாது. பார் கவுன்சில் விதியே அப்படி. பேசிய ஃபீஸைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விவரம் தெரிந்த ஏஜென்ட் பத்திரமே கேட்க மாட்டார். தொகை எழுதாத செக், ஏடிஎம் கார்டு, படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக் என்று கேட்பார். எதையும் கொடுக்காதீர்கள்; ஜெராக்ஸ் போதும்.

இப்போது நடக்கும் பெரிய வம்பு, ராணுவ பென்ஷனுக்கான அரசு இணையதளமான ஸ்பர்ஷில். பதிவு செய்யும்போது "உங்க போன்ல சிக்னல் இல்ல" என்று சொல்லி ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டுவிடுவார். அப்புறம் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். பாஸ்வேர்டும் அவர் கையில். கணவரை இழந்த அம்மாக்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவார்கள். பிள்ளைகளே, இன்றைக்கே அம்மாவின் கணக்கைத் திறந்து எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வேறு ஆளுடையது என்றால் உடனே மாற்றுங்கள்.

"ஊன பென்ஷன் நூறு சதவீதம் வாங்கித் தர்றேன்" என்பதையும் நம்ப வேண்டாம். ஊனத்தின் அளவை மதிப்பிடுவது மெடிக்கல் போர்டு. அது ராணுவப் பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்றும் நிலைநாட்ட வேண்டும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே உண்டு.

அமெரிக்காவில் இப்படி விண்ணப்பத்துக்கு உதவுபவர் அரசிடம் அங்கீகாரம் பெற வேண்டும். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணமே வாங்கக் கூடாது. அங்கேயும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. நம் ஊரிலும் அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தால் பாதித் தொல்லை தீரும் என்பேன்.

கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் புதுச்சேரியில் சைனிக் நலத்துறையும் இருக்கின்றன. வழிகாட்டுவது அவர்கள் வேலை, காசு கிடையாது. வருடாந்திர ஆயுள் சான்றிதழுக்கோ அங்கே போகக்கூட வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில், வீட்டில் இருந்தபடியே போனில் முகத்தைக் காட்டி முடித்துவிடலாம்.