லேசான டெஸ்க்டாப் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்காவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தபோது, முழு டெஸ்க்டாப் சூழல் எதற்கு, ஓப்பன்பாக்ஸ் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். திறந்தவுடன் அது பிடித்துக்கொண்ட ரேம் அவ்வளவு குறைவு. மறுநாளே போன் வந்தது: "சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு எங்கடா பாக்குறது?" அதற்கடுத்த நாள், பென்டிரைவ் செருகினால் ஒன்றுமே வரவில்லை என்றாள். அப்புறம் வைஃபை. ஒரு வாரத்தில் அந்தக் கணினி மேசை ஓரத்துக்குப் போய்விட்டது. வேகமாகத்தான் இருந்தது, ஆனால் அக்காவால் அதில் வேலை செய்ய முடியவில்லை.

லேசான டெஸ்க்டாப் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சாளர மேலாளரையும் டெஸ்க்டாப் சூழலையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறோம். ஓப்பன்பாக்ஸ், ஐ3 போன்றவை சாளர மேலாளர்கள். சாளரங்களுக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, அடுக்குவது மட்டுமே அவற்றின் வேலை. பேட்டரி குறைந்தால் எச்சரிப்பது, வைஃபை பட்டியலைக் காட்டுவது, ஒலியைக் கூட்டும் விசையைக் கவனிப்பது, பென்டிரைவைத் திறந்து தருவது, நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை எழுப்புவது எல்லாம் தனித்தனிச் சிறு நிரல்கள். எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்க்யூடி, மாட்டே போன்ற சூழல்கள் இவற்றைச் சேர்த்துக் கட்டித் தருகின்றன. தனியாக ஒரு சாளர மேலாளரைப் போட்டால் இவற்றை ஒவ்வொன்றாக நாமே கோக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பிழைச்செய்தி வராது, அந்த வசதியே இருக்காது, அவ்வளவுதான். உதாரணமாக, மடிக்கணினியை மூடினால் அது உறங்கிவிடும். அந்த வேலையை, பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்கிறது. ஆனால் திரையைப் பூட்டும் நிரலை நீங்கள் அமைக்காமல் விட்டிருந்தால், திறந்தவர் யாராக இருந்தாலும் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே போய்விடலாம். எல்லாவற்றையும் கோத்து முடித்த பிறகு பாருங்கள்: எக்ஸ்எஃப்சிஈயை விட மிச்சமானது கொஞ்சம்தான் என்று தெரியும். விசைப்பலகையிலேயே எல்லாம் செய்து பழகியவர்களுக்கு ஐ3 அருமையான கருவி. ஆனால் பிறருக்கு அமைத்துக் கொடுக்கும்போது, அந்தக் கணினியில் உட்காரப்போவது யார் என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது ரேம் கணக்கு. கணினி திறந்து சும்மா இருக்கும்போது எத்தனை எம்பி போகிறது என்று ஒப்பிடும் அட்டவணைகளை நம்பிப் பலர் முடிவெடுக்கிறார்கள். ஒரே எக்ஸ்எஃப்சிஈ டெபியனில் ஓர் எண்ணைக் காட்டும், உபுண்டு வழிவந்த இன்னொரு டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) வேறோர் எண்ணைக் காட்டும். வித்தியாசம் பெரும்பாலும் டெஸ்க்டாப்பில் இல்லை. பின்னணியில் ஓடும் சேவைகள், புதுப்பிப்பு தேடும் நிரல், கோப்புகளை அட்டவணைப்படுத்தும் நிரல், ஸ்னாப் வகைப் பொதிகளைக் கவனிக்கும் சேவை ஆகியவற்றில் இருக்கிறது. அளக்கும் முறையிலும் பிசகு நடக்கிறது. காலியாக இருக்கும் ரேமை லினக்ஸ் வட்டிலிருந்து படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் டெர்மினலில் ஃப்ரீ கட்டளையை ஓட்டிவிட்டு அதே பெயரில் உள்ள பத்தியில் சிறிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவைலபிள் என்ற பத்திதான் நிரல்களுக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. கனமான ஓர் இணையப் பக்கம் தனியாகவே சில நூறு எம்பியை விழுங்கிவிடும். எல்எக்ஸ்க்யூடிக்கும் எக்ஸ்எஃப்சிஈக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது தாவலைத் திறந்ததுமே கரைந்துபோகும். ஆகவே உலாவியைத் திறந்து, நீங்கள் வழக்கமாக வைத்திருக்கும் பக்கங்களையும் திறந்து வைத்துவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். அந்த எண்தான் உங்களுக்கு உதவும்.

அப்படி அளக்கும்போது சில நேரம் ரேம் தாராளமாக இருந்தும் கணினி திணறும். அப்போது குற்றவாளி சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்க்டாப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டால் வரும் மாற்றம் பல மடங்கு. ரேம்தான் குறை என்றால் இசட்ரேம் இருக்கிறது. அது ரேமின் ஒரு பகுதியிலேயே தரவைச் சுருக்கி அடுக்கி வைக்கிறது, அதனால் மெதுவான வட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஃபெடோரா 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே இயக்கி வைக்கிறது. மற்ற டிஸ்ட்ரோக்களில் பெரும்பாலும் ஒரு பொதியை நிறுவினால் போதும். டெஸ்க்டாப் மீது பழி போடுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

பழைய பெயரை நம்பித் தேர்ந்தெடுப்பதும் உண்டு. எல்எக்ஸ்டிஈதான் மிக லேசானது என்று இன்றும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. ஆனால் அதன் பெரும்பகுதி, பொத்தான், மெனு போன்றவற்றை வரைந்து தரும் ஜிடிகே 2 நூலகத்தின் மேல் கட்டப்பட்டது, அந்த நூலகத்தின் பராமரிப்பு 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்ததோடு முடிந்துவிட்டது. உபுண்டுவின் லேசான வடிவமான லுபுண்டுவும் 2018இல் வந்த 18.10 பதிப்பிலேயே எல்எக்ஸ்க்யூடிக்கு மாறிவிட்டது. மறுபக்கம், கேடிஈ பிளாஸ்மா என்ற சூழலை யானை என்று ஒதுக்குகிறார்கள். பிளாஸ்மா 5 காலத்தில் அதன் ரேம் பசி நன்றாகவே குறைந்தது. கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பலூவை அணைத்துவிட்டால், 4 ஜிபி உள்ள கணினியில் முயன்று பார்க்கத் தயங்க வேண்டாம். பழைய க்னோம் 2 டெஸ்க்டாப்பின் தோற்றம் பிடித்தவர்களுக்கு, 2011இல் அதிலிருந்து கிளைத்த மாட்டே இன்னும் உயிரோடு இருக்கிறது.

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்களையும் கவனியுங்கள். எக்ஸ்எஃப்சிஈயும் மாட்டேயும் ஜிடிகேயில் எழுதப்பட்டவை, எல்எக்ஸ்க்யூடியும் பிளாஸ்மாவும் க்யூடி என்ற இன்னொரு நூலகத்தில் எழுதப்பட்டவை. எல்எக்ஸ்க்யூடி போட்டுவிட்டு உள்ளே ஓட்டுவது எல்லாம் ஜிடிகே நிரல்கள் என்றால் இரண்டு நூலகத் தொகுதிகளும் ரேமில் ஏறும். தோற்றமும் ஒட்டாமல் நிற்கும்.

திரை விளைவுகளை உடனே அணைத்துவிடு என்ற அறிவுரையும் எல்லாருக்கும் பொருந்தாது. கிராஃபிக்ஸ் சிப் சரியான டிரைவரோடு ஓடினால், சாளரங்களைச் சேர்த்து நிழல் போன்ற விளைவுகளோடு திரைக்கு அனுப்பும் காம்போசிட்டரின் வேலையை அந்தச் சிப்பே சுமந்துகொள்ளும். அணைத்தால் வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிந்து தெரியலாம். சிப் ஒத்துழைக்காமல் எல்லாம் பிராசஸர் தலையில் விழுகிறது என்றால்தான் அணைப்பது நல்ல பலன் தரும். எக்ஸ்எஃப்சிஈயில் சாளர மேலாளர் நுண்ணமைப்புகளில் (Window Manager Tweaks) ஒரு டிக்கை எடுத்தால் போதும், எனவே இரண்டு விதமாகவும் பார்த்துவிடலாம்.

ஒரே கணினியில் மூன்று நான்கு டெஸ்க்டாப்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுவிப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். கணினி திறக்கும்போது தானாகத் தொடங்கும் நிரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டு அறிவிப்பு நிரல்கள், இரண்டு திரைப்பூட்டுகள், மெனுவில் மூன்று கோப்பு மேலாளர்கள் என்று வந்து நிற்கும். பிறகு ஒன்றை நீக்கினாலும் வீட்டு அடைவில் அதன் அமைப்புக் கோப்புகள் அப்படியே கிடக்கும். பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே இயக்கும் லைவ் முறையில் ஓட்டிப் பாருங்கள். அப்படி ஓடும்போது நிரல்கள் மெதுவாகத் திறப்பது பென்டிரைவின் வேகத்தால், டெஸ்க்டாப்பால் அல்ல. அதில் எழுதப்படும் கோப்புகள் ரேமில்தான் உட்காரும் என்பதால் ரேம் எண்ணும் சற்றுக் கூடுதலாகவே தெரியும். லைவ் முறையில் வேகத்தை எடை போடாமல், வசதிகள் இருக்கின்றனவா என்று மட்டும் சோதியுங்கள்.

என்ன சோதிப்பது? வைஃபையில் இணையுங்கள். மூடித் திறந்து பாருங்கள். ஒலி, திரை வெளிச்ச விசைகளை அழுத்துங்கள். வெளித்திரை உண்டென்றால் செருகுங்கள். ஒரு திரை மிக நுணுக்கமானது, மற்றொன்று சாதாரணமானது என்றால் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் இரண்டுக்கும் தனித்தனி எழுத்தளவு வைப்பது சிரமம். அதன் இடத்துக்கு வரும் வேலேண்டு இதைச் சுலபமாகச் செய்யும், ஆனால் எக்ஸ்எஃப்சிஈயில் அது 2024 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில்தான் சோதனை அளவில் எட்டிப் பார்த்தது.

கடைசியாகத் தமிழில் ஒரு வரி தட்டுங்கள். தமிழ்99 மட்டும் போதும் என்றால் விசைப்பலகை அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழ் வர வேண்டும் என்றால் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு நிரல் வேண்டும். க்னோமில் ஐபஸ் உள்ளேயே பிணைந்திருக்கிறது. லேசான சூழல்களில் பெரும்பாலும் நாமே நிறுவி, கணினி திறக்கும்போது தொடங்கும்படி அமைத்து, ஜிடிகேக்கும் க்யூடிக்கும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். உரை எழுதும் நிரலில் ஒரு வரி, உலாவியில் ஒரு வரி, அலுவலக மென்பொருளில் ஒரு வரி என்று மூன்றிலும் தட்டிப் பாருங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராமல் போவது இங்கே வழக்கமாக நடப்பதுதான்.