‘நான் பையன் இல்லம்மா’ என்று பிள்ளை சொல்லும்போது

நாம் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கும் நேரம் பார்த்து எந்தப் பிள்ளையும் இதைச் சொல்வதில்லை. தலை வாரிவிடும்போதோ, விளக்கை அணைத்த பிறகோ, வண்டியில் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ, அதாவது நம் முகத்தை நேருக்கு நேர் பார்க்கத் தேவையில்லாத ஒரு நேரத்தில், போகிற போக்கில் சொல்வதுபோலச் சொல்லும். பல நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியமாக அது இருக்கக்கூடும். ஆகவே கையில் சீப்பு இருந்தால் வாருவதை நிறுத்தாதீர்கள். திகைத்துப்போய்ச் சீப்பைக் கீழே வைத்தால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். “என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. எப்போலேருந்து இப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அந்த முதல் நிமிடத்தில் செய்யக்கூடியது. “யார் உனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது?” என்பது விசாரணை. “வளர வளரச் சரியாயிடும்” என்பது ஆறுதல்போல இருந்தாலும், இனி இதைப் பேசாதே என்றுதான் பிள்ளையின் காதில் விழும்.

அடுத்து, எதைக் கேட்டோம் என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ 3 வயதில் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்குகின்றன. உடையும் முடியும் மாறினாலும் அது மாறுவதில்லை என்ற புரிதல் 6, 7 வயதுவாக்கில் வருகிறது. பொம்மையை விரும்பும் பையனும் பாவாடையை வெறுக்கும் பெண்ணும் எங்கும் உண்டு. விருப்பத்தை வைத்து மட்டும் அடையாளத்தை முடிவுகட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் இதையே சொல்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 11ஆம் பதிப்பு, பாலின முரண்பாட்டை, அதாவது பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் உள்ளே உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலையை, மனநலக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது; குழந்தைகளைப் பொறுத்தவரை, அந்த உணர்வு ஏறத்தாழ 2 ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும் என்றும், நடத்தையும் விருப்பங்களும் மட்டுமே போதாது என்றும் வரையறுத்திருக்கிறது. யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது முற்றிலும் வேறு விஷயம். அதை இங்கே இழுத்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

தேடலில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து திருநங்கையராகவோ திருநம்பிகளாகவோ வாழ்கிறார்கள். சிலர் இரண்டிலும் அடங்காதவர்களாகத் தம்மை உணர்கிறார்கள். சிலர் பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலேயே நிறைவாக இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று இன்றைக்கே சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. மறுக்கிற பெற்றோரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் அன்பின் வேகத்தில் ஒரே வாரத்தில் பெயரை மாற்றி, ஊருக்கெல்லாம் அறிவித்து, பிள்ளை எட்டுவதற்கு முன்னால் முடிவை எட்டிவிடுகிற பெற்றோரும், என் பார்வையில், அதே தவற்றைத்தான் வேறு திசையில் செய்கிறார்கள். முன்னால் இழுக்காமல், பின்னால் பிடித்து வைக்காமல், கூடவே நடக்க வேண்டும்.

நடைமுறையில் முதலில் இடறுவது மொழியில்தான். தமிழில் ‘நான் வந்தேன்’ என்று பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும்போது பாலினம் தெரிவதில்லை; நாம் அதைப் பற்றி ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று சொல்லும்போதுதான் ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தீர்ப்பாக மாறுகிறது. ‘வாடா’, ‘போடி’ என்ற செல்லமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நூறு முறை கொஞ்சலாகச் சொல்வது, நூறு முறை குத்தக்கூடும். எனவே “உன்னை எப்படிக் கூப்பிட்டா உனக்குப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். பதில் இன்னும் தெளியாவிட்டால், மொழியே வழி வைத்திருக்கிறது: ‘பிள்ளை வந்தது’, ‘குழந்தை தூங்குது’, ‘கண்ணு’, ‘செல்லம்’, கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் ‘அவங்க வந்தாங்க’. (இந்தக் கட்டுரையும் ‘பிள்ளை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.) வாய் தவறினால் “மன்னிச்சுக்கோ” என்று ஒரு சொல் போதும். நீளமாக வருந்தினால், நம்மைத் தேற்றும் வேலையும் பிள்ளையின் தலையில் விழும்.

முடி, உடை, வீட்டுக்குள் அழைக்கும் பெயர் ஆகியவை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாற்றிக்கொள்ளக் கூடியவை என்பதால், அவற்றில் தாராளமாக இருக்கலாம். வெளியில் சொல்வதில்தான் கவனம் வேண்டும். பாட்டியிடம் சொல்லலாமா, வகுப்பாசிரியரிடம் சொல்லலாமா என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிள்ளையிடம் கேட்ட பிறகே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருமுறை வெளியே போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது. பிள்ளையின் எதிரே உறவினர் யாரேனும் கேலி செய்தால், “எங்க வீட்ல இப்படிப் பேச வேண்டாம்” என்று அப்போதே, அங்கேயே சொல்லிவிடுங்கள். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், நீங்கள் பேசாமல் இருந்தது மட்டுமே பிள்ளைக்குத் தெரியும்.

பள்ளியில் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை: எந்தக் கழிவறை, உடற்பயிற்சி வகுப்புக்கு எங்கே உடை மாற்றுவது, கேலி செய்தால் யாரிடம் சொல்வது. வீடு திரும்பியதும் பையைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுகிற பிள்ளை, நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்திருந்திருக்கலாம். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

பருவமடைவதற்கு முன்பு இதற்காக மருந்தோ அறுவை சிகிச்சையோ தரப்படுவதில்லை. அந்த வயதில் தேவை ஆதரவு மட்டுமே. பெண்ணுடலில் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆணுடலில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்கும்போதுதான், அதுவரை இலகுவாக இருந்த பிள்ளைகூடத் தன் உடலைப் பார்த்துக் கலங்கலாம். பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளைப் பற்றி மருத்துவ உலகிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வெளியான ஆய்வறிக்கை, அவற்றுக்கான சான்றுகள் வலுவற்றவை என்றது, வேறு சில மருத்துவ அமைப்புகளோ உரிய கண்காணிப்பில் அவற்றை ஆதரிக்கின்றன. குழந்தைகளின் பாலின அடையாளத்தில் அனுபவமுள்ள மருத்துவரிடமும் உளவியல் ஆலோசகரிடமும் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் அது. “மாற்றிக் காட்டுகிறேன்” என்று உறுதி தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். அத்தகைய ‘சிகிச்சை’யை உலகெங்கும் தடை செய்ய வேண்டும் என்று பாலின அடையாளம் பற்றிய ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் 2020இல் கேட்டுக்கொண்டார்.

சாப்பாடு குறைவது, குளிக்கத் தயங்குவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதது, மார்பை ஒட்டுநாடாவாலோ எலாஸ்டிக் துணியாலோ இறுக்கிக் கட்டிக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் திட்டாமல் கேளுங்கள்; அப்படி இறுக்குவது மூச்சையும் விலா எலும்பையும் பாதிக்கும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அன்றே மருத்துவ உதவி தேடுங்கள், தனியே விடாதீர்கள்.

உங்களுக்கும் அழுகை வரும். தேர்ந்து வைத்த பெயர், மனத்தில் வரைந்து வைத்த எதிர்காலம், எல்லாம் கைநழுவுவதுபோல் இருக்கும். அதை நண்பரிடமோ ஆலோசகரிடமோ அழுது தீர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையிடம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து அது வந்து, “பழைய பேரே இருக்கட்டும்மா” என்று சொன்னால், “நான் அப்பவே சொன்னேன்ல” என்று பெருமூச்சு விடாமல், முதல்நாள் சொன்ன அதே குரலில், “சரி கண்ணு” என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிவிடுங்கள்.