புதிதாக இ-சேவை மையம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வட்டாரத்தில் இப்போது ஏறக்குறைய ஊருக்கு ஓர் இ-சேவை மையம் வந்துவிட்டது. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. ஒரு சாதிச் சான்றிதழுக்காக நாள் கூலியை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்துக்கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்து பார்த்தால், தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள்.

ஸ்கேன் மங்கலாக இருப்பது, கோப்பின் அளவு கூடிப்போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்படாமல் போனால் தானாகவே கற்றுக்கொள்வார்கள். கணினி தடுக்காமல் விட்டுவிடும் தவறுகள்தான் ஆபத்தானவை.

விண்ணப்பத்தில் உங்கள் மொபைல் எண்ணைப் போடாதீர்கள்

முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் கேன் எண் (CAN, இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாள எண்) பதிவு செய்ய வேண்டும். அதற்கு மொபைல் எண் வேண்டும். அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். வந்திருக்கும் பாட்டியிடம் போன் இல்லை, அது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. வெளியே கூட்டம் நிற்கிறது. மையம் நடத்தும் தம்பி தன் எண்ணையே தட்டி, தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார். பாட்டியும் வாழ்த்திவிட்டுப் போகிறார்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அனுப்பியதோடு விண்ணப்பம் முடிந்துவிடுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகப் போகிறது. ஆவணம் போதவில்லை என்று இடையில் திருப்பி அனுப்பலாம். அந்தச் செய்தி, பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும்.

பக்கத்து ஊர் மாணவி ஒருத்தி முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தாள். அண்ணனின் பள்ளி மாற்றுச் சான்றிதழை இணைக்கவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. செய்தியோ மையம் நடத்துபவரின் போனுக்குப் போயிற்று. அந்தப் போனில் ஊரார் பெயருக்கு வந்த செய்திகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. வீட்டில் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தார்கள். கல்லூரியில் சேரும் நாளில் கையில் சான்றிதழ் இல்லை. கட்டணச் சலுகை கிடைக்காமல், முழுத் தொகையைக் கட்டுவதற்கு அவளுடைய அம்மா தோட்டை அடகு வைத்தார். விண்ணப்ப எண்ணைப் போட்டு நான் நிலையைப் பார்த்தபோது, திருப்பி அனுப்பி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரே ஒரு தாளைச் சேர்த்து மறுபடி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

ஆதாரில் இதைச் செய்தால் விளைவு இன்னும் மோசம். ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கர் கணக்கைத் தொடங்குவது, விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு) முடிப்பது, வருங்கால வைப்பு நிதியை எடுப்பது எல்லாவற்றுக்கும் ஆதாரில் பதிவான எண்ணுக்கே ஓ.டி.பி. வருகிறது. அந்த எண் உங்களுடையது என்றால், அந்தக் குடும்பம் ஒவ்வொரு முறையும் உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். நீங்கள் கடையை மூடிவிட்டு, சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடும். பணம் பறிபோனால் காவல் நிலையத்திலிருந்து முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

என்ன செய்யலாம்? போன் மகனிடம் இருந்தால் அவரை அழைத்து, எதற்காக ஓ.டி.பி. கேட்கிறோம் என்று பாட்டியையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யாரிடமும் போன் இல்லையென்றால் விண்ணப்பதாரர் நம்பும் உறவினரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒப்புகைச் சீட்டின் மேல் அந்த எண்ணைப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று தெரியவில்லையா? ஆதார் இணையதளத்தில் எண் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் பக்கத்தில், பதிவான மொபைலின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியும். பழைய எண்ணாக இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்கு அனுப்புங்கள். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரர் மூலம் வீட்டிலேயே எண்ணை மாற்றும் வசதி 2021 முதல் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பெயரைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்யாதீர்கள்

பள்ளிச் சான்றிதழில் கே.முருகன், ஆதாரில் முருகன் கே, வங்கியில் முருகன் கருப்பையா. மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் தட்டியதைக் கணினி தானாகத் தமிழில் மாற்றும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழனியம்மாள் பலனியம்மாள் ஆகிவிடுவார். திரையை விண்ணப்பதாரர் பக்கம் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

பணம் வரவில்லை என்று உடனே புது விண்ணப்பம் போடாதீர்கள்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அதில்தான் விழும். எப்போதோ நகைக்கடனுக்காக இன்னொரு வங்கியில் தொடங்கிய கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்கும். விவசாயியோ பழைய பாஸ்புத்தகத்தில் வரவு வைத்துத் தரச் சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

தேய்ந்த விரலைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்

விவசாயக் கூலிகளுக்கும் கொத்தனார்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றுக்கு முக அடையாளம் 2021 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தவர் ஆவணங்களைக் கடைக் கணினியில் வைத்திருக்காதீர்கள்

அன்றன்றே அழித்துவிடுங்கள்.

பணம் வந்து சேர யு.பி.ஐ. ரகசிய எண்ணை (PIN) யாராவது கேட்டால்

ஏமாற்று வேலை. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் அந்த ரகசிய எண் வேண்டும், பணம் பெறுவதற்கு வேண்டாம்.

ஏமாந்து வருபவரிடம் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள்

அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் புகார் பதிவானால் அதை முடக்க வழி இருக்கிறது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் எழுதிக் கையில் கொடுத்த பிறகு போனைக் கொடுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு எதுவும் நினைவுக்கு வராது.