கண்மாயில் பாய்மரப் படகுப் போட்டி: முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு

"செட்டிநாட்டுல குடிக்கவே தண்ணி கிடையாது, இதுல படகுப் போட்டியா?" என்று கேட்காத ஆள் இல்லை. சித்திரையில் வந்து பார்த்தால் நானும் அதையேதான் கேட்பேன். கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்து கலுங்கில் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) தண்ணீர் விழுந்த வருஷம் என்றால் கதையே வேறு. தை பிறக்கும்போது கரைக்குக் கரை தளும்பும். அந்த ஆறேழு வாரம்தான் எங்களுக்கு. காரைக்குடியைச் சுற்றி இருக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர், வெளியூரில் படகு ஓட்டப் பழகியவர்கள், பழைய படகுகளை டிரெய்லரில் ஏற்றிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவோம். கோப்பை கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு.

தொண்டிப் பக்கம் கடலில் மீனவர்கள் நடத்தும் பாய்மரப் போட்டி வேறு. அது பெரிய படகு, கூட்டமாக ஏறி ஓட்டுவது. இங்கே சொல்வது ஒருவரோ இருவரோ ஓட்டும் சின்னப் படகு. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஓட்டியதும், விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் இந்த வகைப் படகில்தான். விதிப் புத்தகமும் ஒன்றேதான்.

1. முதலில் கண்மாயைப் பாருங்கள்

படகைப் பற்றி யோசிக்கும் முன்னால் கரையில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். மடை எங்கே, கலுங்கு எங்கே, ஆழம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். தண்ணீர் மறுகால் போகும்போது கலுங்குப் பக்கம் இழுக்கும், அங்கே போகவே கூடாது. உள்வாய்ப் பக்கம் ஆழம் இருக்காது. லேசர் என்ற ஒற்றை ஆள் படகின் நடுப்பலகை (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) முழுக்க இறங்கினால் அடியில் முக்கால் மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே இடுப்பளவுத் தண்ணீராவது வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது வெட்டாமல் விட்ட சீமைக்கருவேலம். தண்ணீருக்கு அடியில் கட்டையாக நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. கோடையில் அதே கண்மாயில் ஆடு மேய்த்தவரிடம் கேளுங்கள், ஒவ்வொரு மரமாகச் சொல்லுவார்.

அப்புறம் அனுமதி. நடத்துகிறவர்கள் நீர்வளத்துறையிலும் ஊராட்சியிலும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் சம்மதமும் வேண்டும், அவர் வலை கட்டியிருக்கும் இடத்தில் படகு போனால் சண்டைதான். இவற்றையெல்லாம் கேட்டாயிற்றா என்று நீங்களும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். தண்ணீர் நிறையும் மாதங்கள்தான் பறவைக்கும் குஞ்சு பொரிக்கும் காலம். தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது.

2. படகு வாங்காதீர்கள்

முதல் வருஷம் சொந்தப் படகு வேண்டாம். இரட்டை ஆள் படகில் முன்னால் உட்காரும் ஆளாகச் சேர்ந்துகொள்ளுங்கள். "எடை எவ்வளவு? நீச்சல் தெரியுமா?" இந்த இரண்டு கேள்விதான் கேட்பார்கள். நான் மூன்று போட்டிக்கு அடுத்தவர் படகில் கயிறு பிடித்தேன். சுக்கானைத் தொடவிடவில்லை. அப்போது கற்றதுதான் இன்றும் கைகொடுக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் போதும். 2.36 மீட்டர் நீளம், குளிக்கும் தொட்டி மாதிரி சதுர மூக்கு, 15 வயது வரை அதில் போட்டி போடலாம். பெரியவர்களுக்கு லேசர். இப்போது அதற்கு இல்கா என்று பேர், நாங்கள் இன்னமும் லேசர் என்றுதான் சொல்கிறோம். 4.23 மீட்டர், ஒரே பாய். எடை குறைந்தவர்கள் அதே படகில் சின்னப் பாயை மாட்டிக்கொள்ளலாம்.

உறுப்புகளின் பேரை இங்கிலீஷில்தான் படிக்க வேண்டும் என்றில்லை. கடற்கரையில் எல்லாவற்றுக்கும் பேர் இருக்கிறது. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், திருப்புவது சுக்கான், பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். சுக்கான் கட்டையை மட்டும் டில்லர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

3. கவிழ்ந்து பழகுங்கள்

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் இதைச் செய்யாதீர்கள், நீச்சல் தெரிந்தவர்களும்தான். படகு சாய்ந்ததும் பாய்க்கயிற்றை விட்டுவிடுங்கள். அடிப்பக்கமாகச் சுற்றி நீந்திப் போய் நடுப்பலகையைப் பிடித்துத் தொங்குங்கள், முடிந்தால் அதன்மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் எடைக்குப் படகு மெல்ல எழும். எழாவிட்டாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. படகு மிதக்கும், தேடுகிறவர்கள் கண்ணில் படும். தண்ணீரில் உங்கள் தலை மட்டும் தெரிந்தால் யார் கண்ணில் படும்?

கண்மாய்க்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. லேசரின் பாய்மரம் ஆறு மீட்டர், கண்மாய் ஆழம் ஓர் ஆள் மட்டம். முழுக்கத் தலைகீழாகப் புரண்டால் மரம் சேற்றில் குத்தி நிற்கும். எனக்கு நடந்தது. நடுப்பலகைமேல் ஏறிக் குதித்தேன், அசையவில்லை. மறுபடி குதித்தேன். உள்ளே மரம் வளைகிற சத்தம் காலுக்குக் கேட்டது. காவல் படகில் இருந்த தொண்டிப் பக்கத்து அண்ணன் ஓடிவந்து, "தம்பி, குதிக்காத. நாத்து புடுங்குற மாதிரி புடுங்கணும்" என்றார். படகைத் திருப்ப முயலாமல், குத்திய திசையிலேயே பின்னுக்கு மெல்ல இழுத்தார். மரம் சேற்றைக் கக்கிக்கொண்டு வெளியே வந்தது. பாயின் உச்சி ஒரு முழத்துக்குக் கன்னங்கரேலென்று இருந்தது, இன்னமும் அந்தக் கறை போகவில்லை. ஆகவே படகு பக்கவாட்டில் படுத்த உடனே நடுப்பலகைக்குப் போய்விடுங்கள், முழுக்கப் புரள விடாதீர்கள்.

4. காற்றைப் படியுங்கள்

போட்டியே இதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

தையில் எங்களுக்கு வடகிழக்குக் காற்று. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். வெயில் ஏறித் தரை சுட்டு, மேலே ஓடும் காற்று கீழே கலந்து இறங்க ஆரம்பித்தால்தான் அசைவு வரும். பதினொரு மணிவாக்கில் வேகம் எடுக்கும், ஆனால் சீராக வராது, விட்டு விட்டுத்தான் அடிக்கும். கடலில் ஓட்டியவர்கள் இங்கே வந்து திணறுவது இதனால்தான்.

காற்றைத் தண்ணீரிலேயே பார்க்கலாம். தூரத்தில் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சிலிர்த்துக் கறுத்து வந்தால் அங்கே காற்றின் ஓர் அடி வருகிறது. "கறுக்குது, கறுக்குது" என்று கரையிலிருந்து பிள்ளைகள் கத்துவார்கள். அது வந்து மோதும் முன்னாலேயே உடம்பை வெளியே சாய்த்துத் தயாராக இருந்தால் படகு பாயும். மோதிய பிறகு சாய்ந்தால் குளியல்தான். கரைமேல் பனைமரம் வரிசையாக நின்றால் அதன் பின்பக்கம் காற்று செத்திருக்கும், மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும்கூட. கிட்டத்தில் போனால் சுருக்கு வழி என்று நினைத்துக் கரையோரம் போனவர்கள் அங்கேயே நின்று பனங்காயை எண்ண வேண்டியதுதான்.

படகிலும் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேசட் நாடாவில் ஒரு சாண் வெட்டிக் கண்ணுக்கு நேரே தெரியும் இடத்தில் கட்டுங்கள், மூச்சுவிட்டாலே அசையும். பாயின் முன்விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி இரண்டு பக்கமும் கம்பளி நூல் ஒட்டுங்கள். காற்றை எதிர்த்துப் போகும்போது இரண்டு நூலும் பின்னால் நேராகப் பறந்தால் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் காற்றுக்கு மிஞ்சி மூக்கை நீட்டிவிட்டீர்கள், கொஞ்சம் விலக்குங்கள். மறுபக்கத்து நூல் துவண்டால் கொஞ்சம் காற்றின் பக்கம் திருப்புங்கள்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து, கொஞ்ச தூரம் இப்படி, கொஞ்ச தூரம் அப்படி என்று ஏறவேண்டும். வண்டி மலைப்பாதையில் ஏறுகிற மாதிரி. எந்த இடத்தில் திரும்புவது என்பதில்தான் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசம். காற்று திசை மாறி உங்கள் படகின் மூக்கை, போகவேண்டிய குறியிலிருந்து தள்ளுகிறதா? திரும்புங்கள். குறிக்கு இன்னும் நேராக விடுகிறதா? அப்படியே போங்கள். முதல் வருஷத்துக்கு இது ஒன்று போதும்.

5. மூன்று விதி

விதிப் புத்தகம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, இப்போது ஓடுவது 2025 முதல் 2028 வரைக்குமானது. முழுக்கப் படிக்க வேண்டாம். முதலாவது: எதிரெதிராக வந்தால், காற்றை இடப்பக்கம் வாங்கிவருகிறவர் ஒதுங்கணும், வலப்பக்கம் வாங்கிவருகிறவருக்கு வழி. அவர் "ஸ்டார்போர்டு!" (வலப்பக்கம்) என்று கத்துவார், நீங்கள் யோசிக்காமல் விலகுங்கள். இரண்டாவது: இருவரும் ஒரே பக்கத்துக் காற்றில் பக்கத்தில் பக்கத்தில் போனால், காற்றுக்கு மேலே, அதாவது காற்று வரும் பக்கம், இருப்பவர் கீழே இருப்பவருக்கு ஒதுங்கணும். மூன்றாவது: பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரை இடிக்கக் கூடாது. சாலையில் நடக்காதது, தண்ணீரில் நடக்கிறது.

போட்டிப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றுவது கோயில் பிராகாரத்துக்கு நேர் மாறு. அங்கே சாமி வலக்கைப் பக்கம், இங்கே பெரும்பாலும் மிதவை இடக்கைப் பக்கம். எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் வலம் வந்து மொத்தச் சுற்றையும் கெடுத்துக்கொண்டார். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒதுங்கிப் போய் ஒரு முழுவட்டம் அடிக்கணும். இன்னொரு படகின் வழியை மறித்துவிட்டால் இரண்டு வட்டம். நடுவர் பார்க்கவில்லை என்றாலும் நீங்களே அடிக்கவேண்டும்.

6. ஸ்டார்ட்

நேராக நின்று விசில் ஊதினால் ஓடுகிற பந்தயம் இல்லை. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு. அதற்குப் பின்னால் எல்லோரும் மாடு அடைத்த பட்டி மாதிரி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும்போது வகுப்புக் கொடி (எந்த வகைப் படகு என்று காட்டும் கொடி) ஏறும். நாலு நிமிஷம் இருக்கும்போது இன்னொரு கொடி, பெரும்பாலும் நீலத்தில் நடுவே வெள்ளைச் சதுரம். ஒரு நிமிஷம் இருக்கும்போது அது இறங்கும், நீளமாக ஒரு ஹாரன். வகுப்புக் கொடி இறங்கிய நொடி ஸ்டார்ட். சத்தத்தை நம்பாதீர்கள், கொடிதான் கணக்கு. முதல் கொடியிலேயே கைக்கடிகாரத்தை ஓடவிடுங்கள்.

கோட்டில் எந்த முனை லாபம் என்று பார்க்க ஒரு வழி. கோட்டின் நடுவில் போய்ப் பாயைத் தளர்த்திப் படகைக் காற்றுக்கு நேராக நிறுத்துங்கள். அணியம் எந்த முனைப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த முனை காற்றுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் புதியவர்கள் அங்கே போகாதீர்கள், எல்லோரும் அங்கேதான் இடித்துக்கொள்வார்கள். நடுவில் நில்லுங்கள். கோடு எங்கே என்று தெரிய, மிதவைக்கு நேர் பின்னால் அக்கரையில் ஒரு பனையையோ கோயில் கோபுரத்தையோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முந்திப் போய்விட்டால் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி ஏறும், ஒரு சத்தம். படகு முழுவதும் கோட்டுக்குப் பின்னால் போய்த் திரும்ப வரணும், வரும்போது மற்றவர்களுக்கு ஒதுங்கணும். மஞ்சளும் நீலமுமாக முக்கோணக் கொடி ஏறி இரண்டு சத்தம் வந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து.

7. ஓட்டம்

முதல் மிதவை வரைக்கும் ஏறுங்கள், பிறகு காற்றோடு இறங்குங்கள். இறங்கும்போது பாயை முழுக்க விடணும், நடுப்பலகையைப் பாதிக்குமேல் தூக்கிவிடலாம். பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது தலையைக் குனியுங்கள், பாயின் அடிக்கட்டை மண்டையில் அடித்தால் மாசி வரைக்கும் வலிக்கும். யாராவது ஆபத்தில் இருந்தால் போட்டியை விட்டுவிட்டு அவரிடம் போகவேண்டும். விதிப் புத்தகத்தின் முதல் விதியே அதுதான்.

மார்க் கணக்கு தலைகீழ். முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 2, கடைசியில் குறைவாக வைத்திருப்பவர் வெற்றி. முடிக்காதவருக்கு மொத்தப் படகுகளைவிட ஒன்று கூட. அதனால் கடைசியாக வந்தாலும் கோட்டைத் தாண்டிவிட்டு வாருங்கள்.

8. கரையேறிய பிறகு

அமரத்தில் இருக்கும் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். கழற்றிய அடைப்பானைச் சட்டைப்பையில் போடாதீர்கள், படகிலேயே கயிற்றில் கட்டிவையுங்கள். ஒருமுறை அதை மாட்ட மறந்து இறங்கி, பாதி வழியில் படகு ஏன் கனக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாயை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கணும், வெயிலில் போட்டால் துணி இற்றுவிடும். எங்கள் வீட்டு வளவுதான் (உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) எனக்கு வசதி. இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டி விரித்துவிடுவேன். முதல் தடவை விரித்தபோது ஆயா (பாட்டி) வந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். "வழவழன்னு நல்லாத்தான் இருக்கு. மாசில வத்தல் காயப்போட ஆகும்ல?" ஏழு சதுர மீட்டர், மடிப்பில்லாத வெள்ளைத் துணி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றிலிருந்து பாய் காய்ந்த உடனே சுருட்டி, மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.