லாண்ட்மாஸ்டரில கண்டி வரை: காசு சேர்க்கப் போறவைக்கு

அயல்வீட்டுப் பிள்ளையின்ர இருதய ஒப்பரேசனைச் சென்னையில செய்யவேணும். அதுக்குக் காசு சேர்க்கத்தான் கிளிநொச்சியிலயிருந்து ஏ9 வீதியால லாண்ட்மாஸ்டரில, அதுதான் ரெண்டு சில்லு உழவு மிசினில, கண்டிக்குப் போனனான். சுமார் 250 கிலோமீற்றர். நீங்களும் வெளிக்கிடுறதெண்டால் கேளுங்கோ.

முதல்ல கணக்கு. தாயின்ர பேரிலயும் கோயில் பொருளாளரின்ர பேரிலயும் கூட்டுக் கணக்குத் திறவுங்கோ. ஆஸ்பத்திரி தந்த செலவுக் கடிதத்தைப் பெரிசாக்கிப் பெட்டியில ஒட்டுங்கோ. சனம் வாசிச்சிட்டுத்தான் போடும். உண்டியல் திறப்பு உங்களிட்ட இருக்கவே கூடாது. பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே கடிதம் குடுங்கோ.

மிசினுக்குப் பெல்ட்தான் உயிர். விரலால அமத்தினால் கொஞ்சம் இறங்கவேணும். நான் இறுக்கிப் பூட்டி, கனகராயன்குளம் தாண்ட அறுந்துபோச்சு. மேலதிகமா ரெண்டு கொண்டுபோங்கோ. விடியவே வெளிக்கிட்டு, மத்தியானம் மரநிழலில மிசினை ஆறவிடுங்கோ. இருட்டில ஓடவே வேண்டாம்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில வாகனமெல்லாம் நிக்கும், அங்க ரெண்டு மணித்தியாலமாவது நில்லுங்கோ. கச்சான் விக்கிற அம்மா ஒராள் கசங்கின 20 ரூபாத் தாள் அஞ்சை மடியில வைச்சு நீவி நீவிப் போட்டவ. ரசீது வேண்டாமெண்டா. எழுதித்தான் குடுத்தனான். எல்லாருக்கும் எழுதவேணும்.

மாத்தளைக்கு அங்கால ஏத்த இறக்கம். வன்னியில சமதரையில ஓடினவைக்கு இது தெரியாது: சமதரையில இடப்பக்க ஹாண்டில் கிளச்சை அமத்தினால் மிசின் இடப்பக்கம் திரும்பும்; பள்ளத்தில மிசின் தள்ளிக்கொண்டு இறங்கேக்க அதையே அமத்தினால் வலப்பக்கம் திரும்பும். அங்க கிளச்சைத் தொடாமல், சின்னக் கியரில, ஹாண்டிலைப் பிடிச்சே திருப்புங்கோ.