சஸ்பென்ஸ் படத்துக்கு இசை: புதியவர்கள் செய்யும் தவறுகள்

குறும்படங்களுக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை) செய்யப் புதிதாக வருகிறவர்களின் வேலையைத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். சுருதி பிசகுவது, சத்தம் கூடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். படத்தையே கவிழ்க்கிற தவறுகள் வேறு.

கொலைகாரனை இசையே காட்டிக்கொடுப்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். மிக்சிங்குக்கு ஒரு குறும்படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நாயகிக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கிறார். அந்த நடிகர் அவ்வளவு வாஞ்சையாகச் சிரிக்கிறார். அடியில் செல்லோ என்ற தந்தி வாத்தியம் உறுமுகிறது! அவர்தான் கொலைகாரர் என்பது கடைசிக் காட்சியில் தெரியவேண்டிய விஷயம். எழுதியவரும் நடித்தவரும் எடிட்டரும் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம் அங்கேயே போய்விட்டது. இசையமைத்தவருக்கு முடிவு தெரியும். பார்க்கிறவருக்கு அந்த நிமிடத்தில் என்ன தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

பார்க்கிறவருக்குத் தெரியட்டும், நாயகிக்குத் தெரியக் கூடாது என்பது திட்டமானால் அதே செல்லோ சரிதான். யாருக்கு எப்போது எவ்வளவு தெரியவேண்டும் என்று இயக்குநரோடு உட்கார்ந்து காட்சி காட்சியாகப் பேசி முடிக்காமல் கீபோர்டைத் தொடாதீர்கள்.

'ஜாஸ்' (1975) படத்தைக் கவனித்துப் பாருங்கள். ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுர இசை சுறா நிஜமாகவே வரும்போதுதான் ஒலிக்கும். இரண்டு பையன்கள் போலித் துடுப்பை வைத்துக் கடற்கரையையே அலறவிடும் காட்சியில் அது கிடையாது. அப்புறம், படகிலிருந்து போலீஸ் அதிகாரி இரை வீசும்போது, முன்னறிவிப்பாக ஒரு சுரம்கூட இல்லாமல் சுறா தலைதூக்குகிறது. அதுவரை இசை பொய் சொல்லாததால்தான் அங்கே தூக்கிவாரிப் போடுகிறது.

பூனைக்கு டமார்

பூனை குறுக்கே பாய்ந்ததற்கெல்லாம் இசையை வெடிக்கவைத்துத் திடுக்கிடவைக்க வேண்டாம்.

நிசப்தத்தைக் கண்டு பயப்படுவது

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசையே இல்லை. ட்ராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவை ஒலிகள்தான் மிரட்டுகின்றன. அதற்கு ஒலி ஆலோசகர் யார் தெரியுமா? 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியில் வயலின்களை வீறிடவைத்த அதே பெர்னார்ட் ஹெர்மன். அந்தக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். அதனால் ஒவ்வொரு காட்சியையும் முதலில் இசையில்லாமல் ஓட்டிப் பாருங்கள். அப்படியே பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

டெம்ப் ட்ராக்

எடிட்டில் ஒட்டிவைத்த இரவல் இசை இயக்குநரின் காதில் ஊறுவதற்குள் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள்.