பேண்டுக்கு லைசென்ஸ் வேணுமா? எங்க கதை

நாங்க அஞ்சு பேர், கோயம்புத்தூர்ல சின்ன மெல்லிசைக் குழு. கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன்னு போயிட்டிருந்தோம், யாரும் ஒரு பேப்பர் கேட்டதில்ல. போன வருஷம் ஒரு கம்பெனி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாங்க, அட்வான்ஸ் தர்ற நேரத்துல "பிசினஸ் லைசென்ஸ் காப்பி, ஜிஎஸ்டி நம்பர் அனுப்புங்க"ன்னு மெசேஜ், எங்க கீபோர்டுக்காரருக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.

ஆடிட்டர் அண்ணன்கிட்ட ஓடுனேன். சிரிச்சுட்டாரு. பாடுறதுக்குன்னு தனியா லைசென்ஸ் எதுவும் இல்லப்பா, சர்வீஸ்ல வருஷத்துக்கு மொத்த வரவு 20 லட்சம் தாண்டுனாதான் ஜிஎஸ்டின்னாரு. (20 லட்சமா! ஆம்ப் வாங்குன கடனே இன்னும் தீரல.) ஆதார், பான் வச்சு உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) போட்டோம், பைசா செலவில்ல, அந்த சர்டிபிகேட்ட வச்சுதான் குழு பேர்ல கரண்ட் அக்கவுண்டும் திறந்தோம். பில்லுல "ஜிஎஸ்டி பதிவு இல்லை"ன்னு ஒரு வரி எழுதி அனுப்புனோம், மறுநாளே அட்வான்ஸ் வந்துருச்சு.

உண்மையில தலைவலி மைக் பர்மிஷன்தான். ஸ்பீக்கர் கட்ட போலீஸ்ல எழுதி வாங்கணும், ராத்திரி 10 மணிக்கு மேல திறந்த வெளியில ஸ்பீக்கர் போடக்கூடாது. கம்பெனி நிகழ்ச்சியில சினிமா பாட்டு பாடுனா காப்பிரைட் லைசென்ஸ் வேற இருக்கு, கல்யாணத்துக்குச் சட்டத்துலயே விலக்கு உண்டு. இப்பல்லாம் இந்த ரெண்டையும் நிகழ்ச்சி நடத்துறவங்கதான் வாங்கணும்னு வாட்ஸ்அப்லயே முதல்ல எழுதி வாங்கிடறேன்.